சுவார்ட்ஸ் ஐயரும் சன்னல் அடைத்த அறையும்

விழா மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர், நம் கல்லூரியின் பழைய நினைவுகள் ஏதாவது எழுதித் தாருங்கள் என்றார். மெஸ் சாம்பார், ஹாஸ்டல் டே நாடகம், ஆடிப்பெருக்கு அன்று வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு ஆற்றங்கரைக்குப் போனது எல்லாம் ஒவ்வொரு மலரிலும் யாராவது எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவும் எழுதுகிறார்கள். எனவே வேறொருவரைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். அவர் நம் கல்லூரியின் வாசலை மிதித்தவர் அல்லர். நம் கல்லூரி தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே, 1798-ஆம் ஆண்டில், தஞ்சாவூரில் காலமானவர். பெயர் கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ். நம் பக்கத்துப் பெரியவர்கள் சுவார்ட்ஸ் ஐயர் என்பார்கள். (பழைய தமிழ்க் கிறிஸ்தவர் பேச்சில் ஐயர் என்றால் பாதிரியார். இப்போது படிக்கிற தம்பி தங்கைகள் குழம்ப வேண்டாம்.)

நண்பர் கொஞ்சம் தயங்கினார். பிறகு, சார் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஏன் இவரைப் பற்றி எழுத நினைத்தேன் என்பதை நடுவில் சொல்கிறேன்.

ஜெர்மானிய நாட்டின் பிரஷ்யப் பகுதியில் சோனன்பர்க் என்னும் சிற்றூரில் 1726 அக்டோபரில் பிறந்தவர் சுவார்ட்ஸ். அந்த ஊர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. நினைவு தெரிவதற்குள் தாய் இறந்துபோனார். பிள்ளையை இறைப்பணிக்கு விட வேண்டும் என்று சாகும்போது கணவரிடம் கேட்டுக்கொண்டாராம். தாயில்லாத பையன் உள்ளூர்ப் பள்ளியிலும், பிறகு வெளியூரில் தங்கியும் படித்தான். இருபது வயதில், 1746-இல், ஹாலே பல்கலைக்கழகத்துக்குப் போனான்.

ஹாலே என்ற பெயரை நம் டெல்டாக்காரர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கும் அங்கே படித்தவர்தான். அவரும் சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். மாணவராக இருந்தபோது உடல்நலக் குறைவாலும் மனச்சோர்வாலும் படிப்பைத் தொடர முடியாமல் திண்டாடியவர். ஹாலேயில் பிராங்கே என்ற போதகர் பெரியதோர் அநாதை இல்லத்தையும் அதையொட்டிப் பள்ளிகளையும் நிறுவியிருந்தார். பிள்ளைக்குப் பாடம் மட்டும் போதாது, சோறும் படுக்கையும் பேச ஓர் ஆளும் வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் தரங்கம்பாடிப் பள்ளிகளுக்கு வந்தது. இது என் கருத்து. வரலாற்றுத் துறைப் பேராசிரியர்கள் மறுத்தால் சண்டைக்கு வரமாட்டேன்.

சென்னையில் ஊழியம் செய்துவிட்டுத் திரும்பியிருந்த சூல்ட்சே என்பவர் ஹாலேயில் தமிழ் வேதாகமத்தை அச்சிட முயன்றார். அந்த வேலைக்கு உதவியாகத்தான் சுவார்ட்ஸ் தமிழ் எழுத்தைப் படித்தார். அச்சு வேலை நடக்கவில்லை. தமிழ் மட்டும் தங்கிவிட்டது. 1749-இல் கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, 1750 ஜூலை மாதம் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். வயது இருபத்து மூன்று. அதன் பிறகு நாற்பத்தெட்டு ஆண்டுகள் இந்த மண்ணில்தான் இருந்தார். ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. திருமணமும் செய்துகொள்ளவில்லை.

தரங்கம்பாடியில் அவர் தமிழ் பேசப் பழகிய விதம் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இருப்பதிலேயே சின்னப் பிள்ளைகளுக்குத் தினமும் ஒரு மணி நேரம் வேதபாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தாராம். பாடம் அவர் சொல்லிக்கொடுத்தார். திக்கித் திக்கிப் பேசும் தமிழைப் பிள்ளைகள் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தப்பாகப் பேசினால் அரைக்கால் சட்டைப் பருவத்துப் பிள்ளைகள் சிரிக்காமலா இருந்திருக்கும்? அதைச் சகித்துக்கொண்டு தினமும் போய் உட்கார்ந்த இளைஞர் அவர். பின்னாளில் மராட்டியம், பாரசீகம், இந்துஸ்தானி, போர்த்துகீசியம் எல்லாம் பேசினார். ஆரம்பம் இந்தச் சின்னப் பிள்ளைகள்தான்.

1762 வாக்கில் அவருடைய வேலை திருச்சிராப்பள்ளிக்கு நகர்ந்தது. மறு ஆண்டு அங்கே வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்துப் பல சிப்பாய்கள் மாண்டார்கள். அப்பன் இல்லாமல் நின்ற பிள்ளைகளுக்காக சுவார்ட்ஸ் பணம் திரட்டிப் பள்ளிக்கூடம் ஏற்படுத்தினார். திருச்சியில் வெஸ்ட்ரி பள்ளி என்று நாம் சொல்லும் பள்ளியின் வேர் அது. 1766-இல் கோட்டைப் பகுதியில் கிறிஸ்துநாதர் ஆலயத்தைக் கட்டி முடித்தார். தஞ்சாவூருக்கு அடிக்கடி போய் வந்தவர், 1778 முதல் அங்கேயே குடியேறினார்.

1779-இல் சென்னை அரசாங்கம் அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஹைதர் அலியிடம் தூது அனுப்பியது. தூது பலிக்கவில்லை, அடுத்த ஆண்டே போர் மூண்டது. ஆனால் அந்தப் பயணத்தில் ஒரு வேடிக்கை உண்டு. வழிச்செலவுக்கு என்று ஹைதர் 300 ரூபாய் கொடுத்தார். சுவார்ட்ஸ் அதைக் கொண்டுவந்து அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்படியானால் தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பள்ளிக்கு இதை முதலாக வைக்கிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டார். ஹைதர் பணத்தில் தஞ்சாவூரில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம்! தஞ்சைத் தூய பேதுரு பள்ளி இன்றும் சுவார்ட்ஸ் காலத்திலிருந்தே தன் வரலாற்றைச் சொல்லிக்கொள்கிறது.

1780 முதல் 1784 வரை நடந்த அந்தப் போரைப் பற்றி நம் ஊர்ப் பக்கம் பாட்டிமார்கள் ஹைதர் கலாபம் என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். குதிரைப் படை வந்தது. ஊர் ஊராகச் சனம் ஓடியது. நாற்று விட ஆளில்லை. தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே கிராமங்களில் நெல் இருந்தும் கொண்டுவர மாடு இல்லை. குடியானவர்கள் மாட்டைக் கொண்டுவர மறுத்தார்கள். முன்னால் கொண்டுவந்தவர்களுக்குக் கூலி கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்களே, யார் நம்புவார்கள்? அரசர் கடைசியில் சுவார்ட்ஸைக் கூப்பிட்டார். கூலி கட்டாயம் கிடைக்கும், நான் பொறுப்பு என்று அவர் சொல்லி அனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்தன. 80,000 கலம் தானியம் சேர்ந்தது. கலம் என்றால் பன்னிரண்டு மரக்கால் என்பது இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது, தாத்தாவைக் கேளுங்கள்.

இன்னொரு தடவை, வரிக்கொடுமை தாங்காமல் குடியானவர்கள் கூட்டம் கூட்டமாகத் தஞ்சைச் சீமையை விட்டே போய்விட்டார்கள். அதிகாரிகள் கூப்பிட்டார்கள், யாரும் வரவில்லை. சுவார்ட்ஸ் வாக்குக் கொடுத்துக் கூப்பிட்டபோது ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள். சாகுபடிப் பருவம் ஏறக்குறைய தப்பிப்போயிருந்ததால் இரவும் பகலுமாக வயலில் இறங்கினார்கள். பட்டம் தவறினால் என்ன ஆகும் என்று டெல்டாவில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆக, இப்படிப்பட்ட பெரிய மனிதர். எல்லாரும் நம்பிய மனிதர். அவர் செய்த ஒரு தவற்றைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன்.

தஞ்சை மராட்டிய மன்னர் துளஜாவின் பிள்ளைகள் எல்லாரும் இறந்துபோனார்கள். நோய்வாய்ப்பட்டிருந்த மன்னர், 1787 ஜனவரியில், போன்சலே வம்சத்துப் பிள்ளை ஒருவனைத் தத்தெடுத்தார். அவன்தான் சரபோஜி. 1777 செப்டம்பரில் பிறந்தவன், பத்து வயதுகூட நிரம்பவில்லை. மன்னர் சுவார்ட்ஸை வரவழைத்து, இவன் இனி என் பிள்ளை அல்ல, உங்கள் பிள்ளை என்று சொல்லிக் கையில் ஒப்படைக்கப் பார்த்தார். சுவார்ட்ஸ் ஏற்கவில்லை. நான் மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் வந்து பார்க்க முடியும், அரண்மனைக்குள் போட்டியும் பகையும் இருக்கும்போது அது எப்படிப் போதும், உள்ளேயே இருக்கிற வலுவான ஒருவர் பொறுப்பேற்பதே நல்லது என்றார். மன்னரின் மாற்றாந்தாய்ச் சகோதரர் அமர்சிங்கைச் சொன்னார். யோசித்துப் பார்த்தால் நியாயமான யோசனைதான். நானாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். மன்னரும் ஒப்புக்கொண்டு சில நாட்களில் கண்மூடினார்.

அமர்சிங் பொறுப்பாளராக நிற்கவில்லை. தத்து செல்லாது என்று பண்டிதர்களின் கருத்து வந்தது. கம்பெனியும் அதை ஏற்று அவரையே அரியணையில் அமர்த்தியது. பையன் அரண்மனைக்குள் ஓர் அறையில் அடைபட்டான். படிப்பு இல்லை. அவனிடம் பாசமாக இருந்தவர்களை அண்டவிடவில்லை. சுவார்ட்ஸ் வரலாறுகளில் ஒரு காட்சி வரும். அவர் பையனைப் பார்க்கப் போகிறார். சன்னல்கள் அடைத்து, பகலிலே விளக்கு வைத்திருக்கிறார்கள். பையன் தரையில் உட்கார்ந்திருக்கிறான். பிள்ளைகள் சூரியனையும் சந்திரனையும் பார்க்கக்கூடாது என்பது உங்கள் தேசத்து வழக்கமா என்று பையன் ஐயரைக் கேட்கிறான்.

அமர்சிங்கைப் பற்றி நமக்குக் கிடைக்கிற செய்திகள் பெரும்பாலும் அவரைப் பதவியிலிருந்து இறக்கிய தரப்பு எழுதியவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருக்கும் ஒரு பக்கம் இருந்திருக்கும். ஆனால் அந்தச் சன்னலுக்கு இரண்டு பக்கம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். ஏன் இவரைப் பற்றி எழுத நினைத்தேன் என்று சொல்வதாகச் சொன்னேன் அல்லவா.

நான் 1971-இல் புகுமுக வகுப்பில் சேர்ந்து, பட்டப்படிப்பும் முடித்து வெளியே வந்தவன். மூன்றாம் ஆண்டு படிக்கும்போது எங்கள் பிளாக்குக்கு நான் பிரதிநிதி. கீழ்த்தளத்துக் கடைசி அறையில் ஒரு ஜூனியர் பையன் இருந்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், தமிழ் மீடியம், நன்றாகப் படிப்பவன் என்று மார்க் ஷீட் சொன்னது. இங்கே வந்து இங்கிலீஷ் பாடம் புரியாமல் முதல் தேர்விலேயே மூன்று தாளில் போய்விட்டது. அதற்குப் பிறகு மெஸ்ஸுக்கு வருவது குறைந்தது. சன்னலைச் சாத்திவிட்டுப் பகலிலும் படுத்திருப்பான். நாங்கள் அவனுக்கு வௌவால் என்று பேர் வைத்தோம். நான்தான் வைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள்.

வார்டன் ஐயா நல்லவர். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, அந்தப் பையன் முகம் சரியில்லையே, என்னப்பா விஷயம், கொஞ்சம் பார்த்துக்கோ என்றார். பார்த்துக்கிறேன் சார் என்றேன். அவர் என்னிடம் ஒப்படைத்தார். நான் அவனுடைய அறைத்தோழனிடம் ஒப்படைத்தேன். அவனுக்கு என்ஜினியரிங் சீட் கிடைத்து வாரம் ஒன்றுகூட ஆகாமல் போய்விட்டான். ஒரு தடவை கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. தூங்குகிறான் போல என்று கிரிக்கெட் ஆடப் போய்விட்டேன். பிறகு வார்டன் ஐயா கேட்டபோது, நல்லா இருக்கான் சார் என்று சொன்னேன்.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான் என்று அவன் அண்ணன் வந்து டிரங்குப் பெட்டியை வாங்கிக்கொண்டு போகும்போதுதான் தெரிந்தது. பெட்டியைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் நான்தான் தூக்கி வைத்தேன். அவர் எனக்கு நன்றி சொன்னார்.

எங்கள் வருஷத்து ஹாஸ்டல் குரூப் போட்டோவில் அவன் இல்லை. போட்டோ பிப்ரவரியில்தான் எடுத்தார்கள். இந்த மலரில்கூட அந்தப் போட்டோ வருகிறது என்று கேள்விப்பட்டேன். நான் இரண்டாம் வரிசையில் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

சரி. சுவார்ட்ஸ் என்ன செய்தார் என்பதைச் சொல்கிறேன். தவறு நடந்துவிட்டது, இனி அரண்மனை விவகாரம் என்று அவர் ஒதுங்கியிருக்கலாம். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அரசரைப் பகைத்துக்கொண்டால் மிஷன் வேலைக்கே இடைஞ்சல். அவருக்குச் செய்வதற்கு வேறு வேலையும் ஏராளம். தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் ஆங்கிலப் பள்ளிகள் தொடங்கப்பட்டு, 1787-இல் கம்பெனி இயக்குநர்கள் ஆண்டுதோறும் மானியம் தரச் சம்மதித்திருந்தார்கள். அவற்றில் படித்தவர்கள் பெரும்பாலும் பிராமணப் பிள்ளைகளும் மற்ற இந்துக் குடும்பத்துப் பிள்ளைகளும். அதே 1787-இல்தான், தான் சிறு வயது முதல் மகனைப் போல வளர்த்த ஜான் காஸ்பர் கோலாஃப் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். அதற்குச் சற்று முன்பு பாளையங்கோட்டைப் பக்கம் போனபோது பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைக் கூட்டிவந்து தஞ்சாவூரில் படிக்க வைத்திருந்தார். அந்தப் பையன்தான் பின்னாளில் பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார். பாட்டு வரும் பையனைப் பாட விட்டார். பத்தொன்பது, இருபது வயதிலேயே அவனை ஆசிரியனாக்கினார். வீடு நிறையப் பிள்ளைகள், வேலை நிறையப் பள்ளிகள். ஒரு பையனை மறந்துவிட எத்தனை நல்ல காரணங்கள் பாருங்கள்!

அவர் மறக்கவில்லை. சென்னைக்கு எழுதினார். பையனுக்கு ஆசிரியர் வேண்டும் என்று எழுதினார். உயிருக்கே ஆபத்து இருக்கலாம் என்று எழுதினார். காவல் போடச் செய்தார். மறுபடி போய்ப் பார்த்தார். மறுபடி எழுதினார். கவர்னர்கள் மாறினார்கள், கோப்பு கைமாறியது, அவருடைய கடிதம் மட்டும் நிற்கவில்லை. கடைசியில் 1793 ஜனவரியில் சரபோஜியையும், துளஜா மன்னரின் விதவை ராணிகளையும் பாதுகாப்போடு சென்னைக்குக் கொண்டுபோக உத்தரவாயிற்று. சுவார்ட்ஸும் கூடவே போனார். தன் யோசனையால் அடைபட்ட பையனை வெளியே கொண்டுவர ஆறு வருஷம் ஆகியிருந்தது. பையனுக்குப் பதினைந்து வயது.

சென்னையில் சுவார்ட்ஸின் தோழர் கெரிக்கே அவனுடைய படிப்பைக் கவனித்துக்கொண்டார். ஆங்கிலம், கணக்கு, பூகோளம், விஞ்ஞானம் என்று அத்தனை வருஷம் பூட்டிக் கிடந்த மனசு எல்லாவற்றையும் வாரிக்கொண்டது. இதில் ஒரு விஷயத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். சரபோஜி கிறிஸ்தவராகவில்லை. கடைசி வரை தம் குல தர்மப்படியே வாழ்ந்தார். மதம் மாறினால்தான் உதவுவேன் என்ற பேச்சு அங்கே எழவே இல்லை. சுவார்ட்ஸ் பாதிரியார், மதம் பரப்ப வந்தவர், அதை அவர் மறைத்ததும் இல்லை. ஆனாலும் இருட்டறையில் இருக்கிற பிள்ளைக்கு முதல் தேவை சன்னல் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சுவார்ட்ஸைத் தெய்வமாக்க நான் வரவில்லை. அவருடைய சபையில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்தார்கள். அவர் அதை மெதுவாகச் சரியாகும் என்று விட்டுவைத்தார். மெதுவாகக்கூடச் சரியாகவில்லை என்பது நமக்குத் தெரியும். சரபோஜிக்காக அவர் எழுதிய கடிதங்கள் கம்பெனிக்கும் வசதியாகத்தான் போயின. அரியணை ஏறிய மறு ஆண்டே, 1799-இல், ஓர் உடன்படிக்கையின் மூலம் தஞ்சைச் சீமையின் ஆட்சி முழுவதும் கம்பெனி கைக்குப் போயிற்று. சரபோஜிக்கு மிஞ்சியது கோட்டையும் அரண்மனையும் மானியமும்தான். பிள்ளைக்கு நல்லது நினைத்தவரின் கையெழுத்தை வைத்துப் பெரிய இடத்தில் வேறு கணக்குப் போட்டார்கள். அது அவருக்குத் தெரியுமா என்று கேட்டால், அவர் அப்போது உயிரோடு இல்லை.

1797 கடைசியில் சுவார்ட்ஸ் நோயில் விழுந்தார். காலில் வந்த உபாதை ஆளைப் படுக்கையில் போட்டது. அந்த மாதங்களில் பள்ளிப் பிள்ளைகள் தினமும் சாயங்காலம் அவருடைய அறைக்கு வந்து வேதம் வாசித்துப் பாட்டுப் பாடுவார்களாம். யாரும் அவர்களைத் தொந்தரவு என்று விரட்டவில்லை. அவரே வரச் சொன்னார். 1798 பிப்ரவரி 13-ஆம் தேதி, எழுபத்தோராம் வயதில் இறந்தார். சரபோஜி வந்து முகத்தைப் பார்த்து அழுது, உடலின் மீது பொன்னாடை போர்த்தினார். நாலு மாதம் கழித்து, ஜூன் கடைசியில், சரபோஜி அரசரானார்.

சரபோஜி மன்னரைப் பற்றி நம் எல்லாருக்கும் தெரியும். சரசுவதி மகால் நூலகம், தன்வந்திரி மகால், அரண்மனை அச்சகம், நவவித்யா கலாநிதி சாலை, ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம். இவற்றுள் நான் சரசுவதி மகாலில் நின்று பார்த்த ஒன்று மட்டும் சொல்கிறேன். கண் நோயாளிகளின் படங்கள். ஒவ்வொருவரின் கண்ணையும் வண்ணத்தில் எழுதி, நோயையும் சிகிச்சையையும் குறித்து வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் இல்லாமல் வளர்ந்த பையனுக்கு ஏன் கண்ணின் மீது அத்தனை அக்கறை என்று நான் காரணம் கற்பிக்கப் போவதில்லை. நின்று பார்த்தேன், அவ்வளவுதான். கைடு அடுத்த கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

இதைவிடக் குறைவாகத் தெரிந்த செய்தி, கண்ணந்தங்குடியில் ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகள் ஐம்பது பேருக்குச் சோறும் துணியும் படிப்பும் தர அந்த மன்னர் செய்த ஏற்பாடு. தம் ஐயரின் நினைவாக, தம் மதமல்லாத பிள்ளைகளுக்கு. 1829-இல் வேதநாயக சாஸ்திரியார் புதிதாக வந்த மிஷனெரிகளோடு பிணங்கி வேலையை இழந்தபோது, அவருக்கு மானியம் கொடுத்து ஆதரித்தவரும் சரபோஜிதான். ஒரே ஐயரின் கையில் வளர்ந்த இரண்டு பையன்கள். அப்போது இருவருக்கும் ஐம்பது வயதுக்கு மேல்.

இனி நம் சங்கத்து விஷயம். இந்த ஆண்டு சங்க நிதியை என்ன செய்வது என்று இரண்டு யோசனைகள் வந்திருக்கின்றன. ஒன்று, கல்லூரி வாசலில் நினைவு வளைவு. மற்றொன்று, விடுதி மாணவ மாணவியருக்கு முழுநேர மனநல ஆலோசகர் ஒருவரை மூன்று ஆண்டுகளுக்குச் சம்பளம் கொடுத்து வைப்பது. இப்போது வாரத்தில் ஒரு நாள் ஒருவர் வருகிறார். அவருக்கு ஒதுக்கிய அறை அலுவலகத்துக்கு எதிரே, ஃபீஸ் கட்டுகிற கியூவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அத்தனை பேர் பார்க்க எந்தப் பிள்ளை அந்தக் கதவைத் திறக்கும்? போன மாதம் விடுதிக்குப் போயிருந்தபோது ஒரு பையனிடம் கேட்டேன். அங்கே போனா லூசுன்னு பேர் வெச்சிடுவாங்க அங்கிள் என்றான். எனக்கு வௌவால் ஞாபகம் வந்தது. அறையை நூலகத்துக்குப் பின்னால் மாற்றலாம் என்று முதல்வரிடம் சொல்லியிருக்கிறேன், பார்க்கலாம் என்றிருக்கிறார். வளைவு வேண்டும் என்கிற நண்பர்கள் மேல் எனக்கு மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. நானும் போன வருஷம் வளைவுக்குத்தான் கை தூக்கினேன்.

இதைப் படிக்கிற மாணவ மாணவியருக்கு ஒரு வார்த்தை. 14416 என்பது மத்திய அரசின் டெலி மனஸ் உதவி எண். எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், காசு கிடையாது. உங்களுக்காகவும் கூப்பிடலாம், பக்கத்து அறையில் இருப்பவர் மெஸ்ஸுக்கு வருவதை நிறுத்திவிட்டார், என்ன செய்வது என்று கேட்கவும் கூப்பிடலாம். கதவைத் தட்டி யாரும் திறக்காவிட்டால் கிரிக்கெட்டுக்குப் போகாதீர்கள். வார்டனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

பொதுக்குழு ஞாயிறு காலை 10 மணிக்கு. முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம் நான் தஞ்சாவூர் போகிறேன். சிவகங்கைப் பூங்காவை ஒட்டி, சுவார்ட்ஸ் கட்டிய கிறிஸ்துநாதர் ஆலயம் இருக்கிறது, 1779-இல் கட்டியது. உள்ளே ஒரு பளிங்குச் சிற்பம். சரபோஜி மன்னர் இலண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லிச் செய்வித்தது. ஐயர் படுக்கையில் இருக்கிறார், மன்னர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், பின்னால் கெரிக்கே. கட்டிலைச் சுற்றிப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் மூன்று பேர். வருகிறவர்கள் மூன்றரைக்கு ஹாஸ்டல் வாசலில் நில்லுங்கள். வேன் சொல்லியிருக்கிறேன், பன்னிரண்டு பேர் உட்காரலாம். மாணவர்கள் யாராவது வந்தால் அவர்களுக்கு முதலிடம்.